ஐந்நூற்று எண்பத்தேழாவது பிறப்பு

1996 ஒக்டோபர் 6, ஞாயிறு

காலையில் பனிமூட்டம். பதினொரு மணிக்குப் பிறகு வெயில். மருந்து இரண்டு வேளையும் எடுத்தேன்.

மூன்றாம் காலாண்டுக் கணக்கை முடித்தேன். ரொறன்ரோவில் எங்கள் ஊரார் 412 பேர். இது என் கையிலுள்ள பட்டியலின்படி; தவறவிட்டவர்கள் இருக்கலாம். கடந்த பன்னிரண்டு மாதங்களில் பிறப்பு 14, மரணம் 3. ஆயிரத்துக்குப் பிறப்பு 34, மரணம் 7.3. மரண வீதம் இப்படிக் குறைந்து தெரிவதற்கு எங்கள் தேகாரோக்கியம் காரணமல்ல. வந்தவர்களில் பெரும்பாலானோர் இளையவர்கள். வயது போனவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய மரணம் இந்தப் பட்டியலுக்குள் வராது. இதை அடிக்குறிப்பாகப் பென்சிலால் எழுதி வைத்தேன்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா? பிழை இருந்தால்? பெயர் போடாமல் என்றால் கொடுக்கலாம்.

மருமகன் அன்புராசா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “மாமா, யமதர்மராசன்ரை கந்தோரிலையிருந்து உங்களுக்குப் பென்சன் ஏதும் வருதோ?”

மகள் சந்திரவதனா குசினியிலிருந்து சத்தம் போட்டாள். “அவரைச் சும்மா விடுங்கோ பாப்பம். அவர் எண்ணாட்டில் ஆர் எண்ணுறது?”

“எண்ணட்டும். என்னை மட்டும் பிறப்புப் பக்கத்திலை வைச்சிருக்கச் சொல்லும்.”

சிரித்தேன். பிறகு மரணம் மூன்றுதானா என்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.

ஒக்டோபர் 9, புதன்

மழை. வெளியே போகவில்லை.

ஒக்டோபர் 12, சனி

யேசுரட்ணம் வியாழக்கிழமை காலமானார். கொழும்பில் பதிவாளர் நாயகம் கந்தோரில் ஒன்பது வருடம் எனக்கு அடுத்த மேசை. அவர் மன்னார், எங்கள் ஊர்ப் பட்டியலில் இல்லை. ஆகவே மரணம் 3 என்பது மாறாது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்கு அன்புராசா கூட்டிச் சென்றார். பின்வரிசையில் இருந்தேன். வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண்மணி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் எழுந்து வந்தார்.

“தில்லையம்பலம் அண்ணைதானே? வின்ஸ்டர்லியிலை குடையைத் தலைகீழாய்ப் பிடிச்சுக்கொண்டு பஸ்ஸுக்கு நிண்ட ஆள்?”

கிளடிஸ்! நாற்பத்திரண்டு வருடம். வின்ஸ்டர்லி இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டினம். எங்கள் நாட்டு நகரசபை எல்லை அளவு. 1954 இல் திணைக்களம் என்னை ஒரு வருடப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. சுகாதார வைத்திய அதிகாரியின் கந்தோரில் பிறப்பு இறப்புப் புள்ளிகளைத் தொகுக்கும் வேலை. கிளடிஸ் அதே பட்டினத்துப் பிரசவ விடுதியில் மருத்துவிச்சிப் பயிற்சியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அந்தப் பட்டினத்தில் தமிழ் பேசக்கூடியவர்கள் நாங்கள் இருவர்தான். இருந்தும் நாலு தடவைக்கு மேல் பேசியிருக்க மாட்டோம். நான் அப்போதும் இப்படித்தான்.

இப்போது அவருக்கு அறுபத்தேழு. கல்யாணம் செய்யவில்லை. இருபத்தைந்து வருடம் இங்கே நேர்ஸ். பார்க்டேலில் தனியாக இருக்கிறார்.

பேச்சுக்கு எதையாவது சொல்ல வேண்டுமே என்று, அந்த வருடத்து அச்சிட்ட அறிக்கை இன்னும் என்னிடம் இருப்பதாகச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

“ஐம்பத்துநாலாம் ஆண்டின்ரையோ? எல்லா மாதமும் இருக்கோ அதிலை?”

“ஓம், மாதவாரியாக.”

“ஒருநாள் கொண்டு வாங்கோ அண்ணை. நவம்பரைப் பாக்கோணும்.”

தொலைபேசி எண் தந்தார். ஏன் நவம்பர் என்று நான் கேட்கவில்லை.

ஒக்டோபர் 13, ஞாயிறு

சரியாக நித்திரை இல்லை. நவம்பர் என்ற சொல்தான் காரணம். இதை நான் ஒரு போதும் எழுதி வைத்ததில்லை. இப்போது எழுதுகிறேன்.

வின்ஸ்டர்லியில் நடைமுறை இப்படி. ஒரு பிள்ளை பிறந்தால் முப்பத்தாறு மணித்தியாலத்துக்குள் மருத்துவிச்சி ஒரு சீட்டு எழுதி எங்கள் கந்தோருக்கு அனுப்ப வேண்டும். உயிரோடு பிறந்ததா, இறந்து பிறந்ததா என்று அதில் இருக்கும். என் மேசையில் இரண்டு தகரப் பெட்டிகள். உயிரோடு பிறந்தவர்களின் சீட்டு இடது பெட்டி. இறந்து பிறந்தவர்களுடையது வலது பெட்டி. இடது பெட்டியிலிருந்து விலாசங்களைப் பார்த்து எழுதி, வீடு வீடாகச் செல்லும் தாதியிடம் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு இரண்டு வாரம் ஆனதும் அவர் போய்ப் பார்ப்பார்.

நவம்பர் நடுப்பகுதியில் தாதி ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். “பிள்ளை எப்படி இருக்கிறது, பார்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் பிள்ளை இல்லை. இறந்து பிறந்தது என்று சொல்லித் தாயை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

தலைமை எழுத்தர் என்னைக் கூப்பிட்டார். பிரசவ விடுதி திருத்தச் சீட்டு ஒன்றை அனுப்பியதாம். பழையதை எடுத்துவிட்டு அதை வைக்கும்படி. அது எங்கே என்று கேட்டார். எனக்கு அப்படி ஒரு சீட்டு வந்த ஞாபகமே இல்லை. வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வந்திருக்கலாம், நான் எங்கேயோ வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். “மன்னிக்கவும்” என்றேன். அது ஒப்புக்கொண்டதாக ஆயிற்று.

அன்றிலிருந்து பிறப்புப் பெட்டிகளைத் தொட விடவில்லை. மரணப் பக்கம் போட்டார்கள். பயிற்சி முடிவில் கொழும்புக்கு ஒரு வரி போனது: “ஆர்வமுள்ளவர், மேற்பார்வையின்றி நம்பத்தக்கவர் அல்லர்.” அதை எனக்குக் காட்டினார்கள். அதற்குப் பிறகு எந்த மேல் பதவிக்கும் நான் விண்ணப்பிக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் ஒட்டிய பிறகு பிரித்துப் பார்ப்பவன் ஆனேன். காலமான என் மனைவி சொல்வாள்: “உங்களுக்கு உங்களிலேயே நம்பிக்கையில்லை, நான் எப்படி நம்புறது?” பகிடிக்குத்தான் சொன்னாள்.

அந்தக் கதவு தட்டும் சத்தம் நான் கேட்டதில்லை. இருந்தாலும் கேட்கிறது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

கிளடிஸுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.

ஒக்டோபர் 24, வியாழன்

கிளடிஸே எடுத்தார். டிசம்பர் 3 இல் அவருக்கு இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை.

“அண்ணை, அவங்கள் என்ரை நெஞ்சைத் திறக்கிறதுக்கு முதல் நானாய் ஒண்டைத் திறக்கோணும். சனிக்கிழமை இல்லை, அதுக்கு அடுத்த சனி வாங்கோ. நவம்பர் ரெண்டு. காலமை கோயிலுக்குப் போட்டு வந்திடுவன்.”

“என்ன விஷயம்?”

“போனிலை சொல்லுறதெண்டா நாப்பத்திரண்டு வருசத்திலை எப்பவோ சொல்லியிருப்பன்.”

நவம்பர் 2, சனி

ஷெப்பர்ட் பஸ், சப்வே, பிறகு குயின் வீதி ஸ்ட்ரீட் கார். ஒரு மணி நாற்பது நிமிடம். அறிக்கையைப் பொலித்தீன் பையில் சுற்றி, நெஞ்சோடு வைத்துக் கொண்டு போனேன்.

கிளடிஸின் வீடு நாலாம் மாடி. இன்று கத்தோலிக்கர் மரித்தவர்களுக்காக மன்றாடும் நாள். மேசையில் ஒரு மெழுகுதிரி எரிந்தது. தேத்தண்ணி தந்தார். தட்டில் பற்றிஸ் இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

அவர் சொன்னதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

1954 நவம்பர் 2, அதிகாலை. பிரசவ விடுதியில் கிளடிஸும், சிஸ்டர் என்று அழைக்கப்படும் பொறுப்பு நேர்ஸும்தான். ஐவி ஹலம் என்ற பெண்ணுக்கு இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பெண் பிள்ளை. “அழுதது அண்ணை. பூனைக்குட்டி மாதிரி. பிறகு நிறம் மாறத் தொடங்கியிட்டுது. டொக்டரைக் கூப்பிடுவம் எண்டன். இந்த நேரத்திலை வேண்டாம், பாப்பம் எண்டா சிஸ்டர். ரெண்டு முப்பத்தொண்டுக்கு முடிஞ்சுது. இருபத்தொரு நிமிசம்.”

அந்த இருபத்தொரு நிமிடத்துக்குள் கிளடிஸ் ஒரு காரியம் செய்தார். கிண்ணத்துத் தண்ணீரைப் பிள்ளையின் நெற்றியில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். சாகும் தறுவாயில் யாரும் கொடுக்கலாமாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும்.

பிறகு சீட்டை எழுதினார். உயிரோடு பிறந்தது என்று எழுதித் தபால் தட்டில் போட்டார். அது காலைத் தபாலில் போய்விட்டது. ஏழு மணிக்குச் சிஸ்டர் கூப்பிட்டார். டொக்டரைக் கூப்பிடாத விஷயம் வெளியே வரும் என்ற பயம். இறந்து பிறந்தது என்று வேறு சீட்டு எழுது என்றார். பதிவாளருக்கான தாளையும் இறந்து பிறந்தது என்றே சிஸ்டர் தானே எழுதினார்.

“எழுதினன். எழுதாட்டில் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவா. எழுதி, அவவுக்குக் காட்டிப்போட்டு, தபாலிலை போடப்போறன் எண்டு வெளியிலை வந்தன். போடேல்லை.”

எனக்கு விளங்கவில்லை. “எதைப் போடேல்லை?”

“ரெண்டாவது சீட்டை. கொதிகலன் அடுப்புக்குள்ளை போட்டு எரிச்சன். கடவுளுக்கு முன்னாலை உயிரோடை இருக்குதெண்டு தண்ணி ஊத்தின கை. அதே கையாலை செத்துப் பிறந்ததெண்டு அனுப்ப மனம் வரேல்லை.”

மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அடுத்ததைச் சொன்னார். தாதி கதவைத் தட்டிய மறுநாள் அந்தத் தாய் விடுதிக்கு வந்தாளாம். “என்ரை பிள்ளை உயிரோடை பிறந்ததோ?” என்று நேரே கிளடிஸைக் கேட்டாளாம். பக்கத்தில் சிஸ்டர்.

“நான் சொன்னன், கந்தோரிலை ஒரு கிளாக்கரின்ரை பிழை எண்டு. சிலோனிலையிருந்து வந்த புது ஆள் எண்டும் சொன்னன். அண்ணை, எனக்குத் தெரியும் அது நீங்கள்தான் எண்டு.”

நான் எழுந்து கோட்டைப் போட்டேன். “ஸ்ட்ரீட் கார் போயிடும்” என்றேன். மத்தியானம் ஒரு மணிக்கு. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் ஸ்ட்ரீட் கார்.

அறிக்கையை அவருக்குக் காட்டவும் இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

ஏன் கோபம் வருகிறது? எழுபத்தொரு வயதில் யாரோடு கோபம்?

சீட்டு வரேல்லை. எனக்கு வரவே இல்லை. நான் துலைக்கேல்லை! அப்பவே தெரியும் எனக்கு — இல்லை, தெரியாது. தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? “வரவில்லை ஐயா” — இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லைச் சொல்லத் தெரியாதவனில் பிழையைப் போடுவது எவருக்கும் சுலபம்தானே. அவளும் போட்டாள். ஏன் போடமாட்டாள்?

நாற்பத்திரண்டு வருசம்.

நவம்பர் 5, செவ்வாய்

ஒருவேளை கிளடிஸின் ஞாபகமும் பிழையாக இருக்கலாமே? சரிபார்க்க ஒரே வழி அறிக்கைதான். மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன்.

முகப்பு அட்டவணை பதிவாளரின் கணக்கு: சனத்தொகை 36,400. உயிர்ப் பிறப்பு 586. இறந்து பிறந்தவை 13.

நாலாம் அட்டவணை எங்கள் பெட்டிகளிலிருந்து மாதவாரியாகத் தொகுத்தது. உயிர்ப் பிறப்புகளை மூன்று தடவை கூட்டினேன்: 587. இறந்து பிறந்தவை: 12. நவம்பருக்கு நேரே எண் இல்லை. ஒரு சிறு கோடு.

இடது பெட்டியில் ஒன்று கூட. வலது பெட்டியில் ஒன்று குறைய. இரண்டு வழியாகவும் மொத்தம் 599.

ஆகவே திருத்தச் சீட்டு எந்தப் பெட்டிக்குள்ளும் வந்ததில்லை. முதல் சீட்டை எவரும் எடுக்கவும் இல்லை. என்னைப் பெட்டியிலிருந்து விலக்கினார்கள். பிழை என்று சொன்ன சீட்டை அங்கேயே மறந்துவிட்டார்கள். இந்த ஒன்று வித்தியாசம் அச்சான நாளிலிருந்து என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. பிறப்புப் பக்கத்தை மட்டும் பார்த்து, என் கவனக்குறைவின் அடையாளம் என்று எண்ணியிருந்தேன். அடுத்த நிரலைக் கூட்டிப் பார்க்கும் தைரியம் இன்றுதான் வந்தது.

கிளடிஸ் சொன்னதோடு கணக்குப் பொருந்துகிறது.

நவம்பர் 7, வியாழன்

தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சந்திரவதனா என் அறைக் கதவில் வந்து நின்றாள். “அப்பா, அந்தக் கிளடிஸ் அன்ரி மூண்டு தரம் எடுத்திட்டா. நீங்கள் குளிக்கிறியள், படுத்திட்டியள் எண்டு நானும் எத்தினை பொய் சொல்லுறது? என்ன நடந்தது?”

சொன்னேன். முழுவதும். என் பிள்ளைக்கு இதை முதன்முதலாகச் சொல்கிறேன். அன்புராசாவும் வந்து கட்டிலின் கால்மாட்டில் இருந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை.

“அப்ப நீங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறது, அடுப்பு நிப்பாட்டியிருக்கோ எண்டு மூண்டு தரம் எழும்பிறது...” என்றாள். கண் கலங்கிவிட்டாள்.

பிறகு கேட்டாள்: “அப்பா, அந்தத் தாய்க்கு ஆர் சொன்னது?”

“என்னத்தை?”

“பிள்ளை உயிரோடை பிறந்ததெண்டு.”

ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கிழமையாக நான் என் நாற்பத்திரண்டு வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவளுடையதை எண்ணவில்லை.

அன்புராசா சொன்னார்: “மாமா, கோபம் எண்டால் கோபத்தைப் போனிலை சொல்லுங்கோ. அவவுக்கு ஒப்பரேசன் எல்லே. பிறகு சொல்ல ஆள் இருக்கோணும்.”

நவம்பர் 12, செவ்வாய்

கிளடிஸுக்கு எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னேன்.

“வரத்தானே வேணும்,” என்றார். “வராட்டில்தான் எனக்குப் பயம்.”

அறிக்கையின் கணக்கைச் சொன்னேன். இடது பெட்டியில் ஒன்று கூட, வலது பெட்டியில் ஒன்று குறைய.

“அப்ப அவள் பிறந்தவள் எண்டு அச்சிலை இருக்கோ?”

“ஓம். நாலாம் அட்டவணையிலை. நவம்பர் 45 பேர். அதிலை ஒராள்.”

அழுதார் என்று நினைக்கிறேன். பிறகு மூக்கைச் சீறிவிட்டு, “அந்தத் தாய்க்கு எழுதுவம் அண்ணை” என்றார். நான் சொல்லவிருந்ததும் அதுதான்.

நவம்பர் 16, சனி

பார்க்டேல். கடிதம். ஆங்கிலத்தில் ஏழு பிரதி கிழித்தோம்.

எனக்கு ஒரு பயம் இருந்தது, அதைச் சொன்னேன். முன்பு ஒரு தடவை அந்தக் கதவைத் தட்டி அவளை நோகவைத்தோம். இது இரண்டாவது தட்டல். உயிரோடு இருந்தால் எழுபதுக்கு மேல் இருக்கும். மறந்திருந்தால்?

கிளடிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணை, எத்தினை பிள்ளைப்பேறு பாத்தனான். மறக்கிறேல்லை.”

“சரி. ஆனா அவவைச் சேர்ந்த ஒராள் முதல் வாசிச்சுப் பாத்து முடிவு செய்யட்டும்.”

“உந்தக் கிளாக்கர் புத்தி எண்டைக்கும் போகாது.” ஆனால் ஒப்புக்கொண்டார்.

ஆகவே இரண்டு உறை. வெளி உறை, டானர்ஸ் ரோ 31 ஆம் இலக்க வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கு: ஹலம் குடும்பத்தைத் தெரிந்தால் தயவுசெய்து சேர்ப்பிக்கவும். உள் உறை, திருமதி ஹலத்தின் பிள்ளைகளுக்கு: நீங்கள் முதலில் வாசியுங்கள், அவருக்கு வேண்டாம் என்று தோன்றினால் எரித்துவிடுங்கள். விலாசம் கிளடிஸுக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம். தாமே எழுதிய சீட்டல்லவா.

கடிதத்தில் கிளடிஸ் தம் பங்கை எழுதினார். சிஸ்டர் சொன்னார் என்று எழுதலாமே என்றேன். “அவ செத்துப்போனா. நான் எழுதினதுக்கு நான்தான்.” ஞானஸ்நானம் கொடுத்ததையும், தாயைக் கேட்காமல் கொடுத்ததற்கு மன்னிப்பையும் எழுதினார்.

என் பங்கு மூன்று வரி. உங்கள் வீட்டுக்குத் தாதியை அனுப்பிய எழுத்தர் நான். அந்த நாளில் உங்களுக்கு நேர்ந்த வேதனைக்கு வருந்துகிறேன். ஆனால் அந்தச் சீட்டு பிழையானதல்ல.

கடைசி வரியைப் பென்சிலால் எழுதினேன். கிளடிஸ் பேனையை நீட்டினார். “நாளைக்கு இருக்கட்டும்,” என்றேன். “நாளைக்கு நீங்கள் அழிச்சுப்போடுவியள்,” என்றார். அங்கேயே அதன் மேல் மையால் எழுதினேன்.

நவம்பர் 18, திங்கள்

தபால் போட்டேன். ஒட்டிய உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது உண்மை.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று கிளடிஸுக்குச் சத்திரசிகிச்சை. காலை ஏழு மணி. பனி கொட்டியது. ஆறு மணித்தியாலம் எடுக்குமாம். மாலை நாலு மணிக்கு அவர் தங்கை மகள் ஜெயமலர் எடுத்தாள். முடிந்தது, மயக்கம் தெளியவில்லை.

டிசம்பர் 4, புதன்

மயக்கம் தெளிந்துவிட்டதாம். முதல் கேள்வி: “தபால் வந்ததோ?”

டிசம்பர் 21, சனி

கிளடிஸை வீட்டில் பார்த்தோம். கையை உயர்த்த முடியவில்லை. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். அன்புராசா, “அன்ரி, உந்தத் தலைகணி வைத்தியம் என்ரை மனுசிக்கும் வேணும், என்ரை அம்மா வரேக்கை,” என்றார். கிளடிஸ், “சிரிப்புக் காட்டாதையும், தையல் பிரியும்,” என்று தலையணையை இறுக்கிக்கொண்டார்.

தபால் இல்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

ஆண்டுக் கணக்கு: ஊரார் 415. பிறப்பு 13, மரணம் 3. சங்கத்துக்குக் கொடுத்தேன். பெயர் போடட்டுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இங்கிலாந்திலிருந்து ஒன்றுமில்லை. எரித்திருப்பார்கள். அது அவர்களுடைய உரிமை. நாங்களே எழுதிக் கொடுத்தது.

1997 ஜனவரி 9, வியாழன்

வந்தது.

நீல உறை. திருமதி ஹலத்தின் மகள் எழுதியிருக்கிறாள், 1957 இல் பிறந்தவள். 31 ஆம் இலக்கத்துக்காரர் கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். நத்தார்ப் பண்டிகை கழியட்டும் என்று வைத்திருந்து, பிறகு தாய்க்கு வாசித்துக் காட்டினாளாம். தாய்க்கு எழுபத்து மூன்று. இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாராம்.

தாய் சொன்னதை அவள் அப்படியே எழுதியிருக்கிறாள். அழுகைச் சத்தம் தமக்குக் கேட்டது. அது பக்கத்து அறைப் பிள்ளை என்றார்கள். கனவு கண்டதாகத் தம்மைத் தாமே சமாதானம் செய்திருந்தார். இரண்டு வாரத்தின் பின் தாதி வந்து கதவைத் தட்டிப் பிள்ளையைக் கேட்டபோதுதான், தாம் கேட்டது கனவில்லை, எங்கேயோ யாரோ தம் பிள்ளையை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். விடுதியில் அது பிழை என்று சொன்ன பிறகும் அவர் அதை விடவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லையாம்.

இந்தப் பந்தியை நான் பலமுறை வாசித்தேன்.

ஜீன் என்று பெயர் வைத்திருந்தார்களாம். ஞானஸ்நானம் பற்றிக் கோபம் இல்லை. இரண்டு கேள்விகள் மட்டும்: என்ன நேரம்? அந்த நேரம் பிள்ளை யாருடைய கையில் இருந்தது?

உடனே கிளடிஸுக்கு எடுத்து வாசித்துக் காட்டினேன். முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வந்தது. “ரெண்டு பத்திலையிருந்து ரெண்டு முப்பத்தொண்டு.” இரண்டாவதற்குக் கொஞ்சம் பிந்தியது.

“என்ரை கையிலை. கீழை வைக்கேல்லை எண்டு எழுதுங்கோ. ஒரு கையாலைதான் தண்ணி ஊத்தினனான்.”

ஜனவரி 10, வெள்ளி

பதில் எழுதித் தபாலில் சேர்த்தேன். ஒரே பிரதி.

சங்கத்துக்கு எடுத்து, பெயர் போடலாம் என்றேன். அன்புராசாவுக்கு அது எப்படித் தெரிந்ததோ. “யமன்ரை கந்தோரிலை மாமாவுக்குப் புரமோசனாம்,” என்று சந்திரவதனாவுக்குச் சத்தம் போட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

வெயில், கடும் குளிர். மருந்து இரண்டு வேளையும் எடுத்தேன்.

வின்ஸ்டர்லி அறிக்கை, 1954, முகப்பு அட்டவணையைத் திருத்தினேன். உயிர்ப் பிறப்பு 586 அல்ல, 587. இறந்து பிறந்தவை 13 அல்ல, 12. சகல வயது மரணம் 451 அல்ல, 452. ஒரு வயதுக்குட்பட்ட மரணம் 14 அல்ல, 15.

ஆயிரத்துக்குப் பிறப்பு 16.1, மரணம் 12.4, இரண்டும் மாறவில்லை. சிசு மரண வீதம் 23.9 இலிருந்து 25.6 ஆகக் கூடுகிறது. பார்வைக்கு மோசமான வருடம். ஆனால் இதுதான் சரி.

மொத்தம் 599.

பக்கத்தின் அடியில் மையால் என் முதலெழுத்தையும் திகதியையும் இட்டேன். மறுபடி கூட்டிப் பார்க்கவில்லை.